ரெட்டைப்பனை விலக்கு

நான் அஞ்சு வருஷம் டவர் வேலை பார்த்தவன். தொண்டியில இருந்து மூக்கையூர் வரைக்கும் கடற்கரையோரமா நான் ஏறாத டவர் ரொம்பக் கம்மி. ஆன்டெனா திருப்பி வைக்கிறது, கேபிள் மாத்துறது, உப்புக்காத்துல துரு ஏறுன கிளாம்பைச் சுரண்டி பெயிண்ட் அடிக்கிறது, ஜெனரேட்டர் ரூம்ல பாம்பு கிடக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு உள்ள போறதுன்னு எல்லா வேலையும் பார்த்தாச்சு. இப்ப ராம்நாட்டுல அரண்மனை பக்கம் சின்னதா ஒரு செல்போன் கடை. போன் எப்படி டவரைப் பிடிக்குது, டவர் எப்படி போனைப் பிடிச்சு வைக்குதுன்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லன்னு ஒரு திமிர் இருந்துச்சு. ஒரு பங்குனி மாச ராத்திரி, ஒரே ஒரு கேள்வியில அது போச்சு.

தொண்டியில அக்கா வீட்டு விசேஷம் முடிச்சுட்டு பைக்ல திரும்பி வந்துக்கிட்டு இருந்தேன், மணி பத்தரை இருக்கும். ஈசிஆர்ல அந்தப் பக்கம் ராத்திரி வந்தவங்களுக்குத் தெரியும், ரெண்டு பக்கமும் கருவேலம்தான், எல்லா கிலோமீட்டரும் ஒரே மாதிரி இருக்கும். ஹெட்லைட் வெளிச்சத்துல ரோட்டுல என்னமோ மணல் கொட்டுன மாதிரி தெரிஞ்சுச்சு, கிட்ட வந்தா தவிடு. ஒரு தவிட்டு மூட்டை பிஞ்சு கிடக்கு, சைக்கிள் மடங்கிக் கிடக்கு, பத்தடி தள்ளி சரிவுல ஒரு பெரியவர். எந்த வண்டி இடிச்சுதுன்னு அவருக்கும் தெரியல. கால் இருக்க வேண்டிய விதத்துல இல்ல. "தண்ணி குடு தம்பி"ன்னு மட்டும் சொன்னாரு. குடுக்கலாமா கூடாதான்னு தெரியாம பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டே அவசர நம்பருக்கு அடிச்சேன். எந்த நம்பர்னு எழுதல, ஏன்னா எதிர்ல பேசுன பொண்ணு மேல எள்ளளவும் தப்பு கிடையாது, என்னைவிட நிதானமா இருந்தது அந்தப் பொண்ணுதான்.

"சார், நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

எனக்கு வாய் வரல. உப்பூர் தாண்டிட்டேனா இல்லையான்னே சந்தேகம். அக்கா வீட்டுல மாமாவோட ஒரு சின்ன வாக்குவாதம், அதையே நினைச்சுக்கிட்டு வந்ததுல வழியில எதையும் கவனிக்கல. "ஈசிஆர்"னேன். அது சென்னையில இருந்தே வருதே சார்னு அந்தப் பொண்ணு சொல்லல, மனசுக்குள்ள நினைச்சிருக்கும். மாவட்டம் கேட்டாங்க, சொன்னேன். தாலுகா கேட்டாங்க, திருவாடானையா ஆர்.எஸ். மங்கலமான்னு எனக்கே குழப்பம். பக்கத்துல கடை, கோயில், ஸ்கூல், பெட்ரோல் பங்க் ஏதாவது லேண்ட்மார்க்? ஒண்ணுமே இல்ல, இருட்டும் தவளைச் சத்தமும்தான். மேப்பைத் திறந்தா வெறும் சாம்பல் கலர் கட்டம், நடுவுல ஒரு நீலப்புள்ளி, அவ்வளவுதான். சிக்னல் 2ஜி-ல நின்னுச்சு, 2ஜி-ல பேசிக்கிட்டு இருந்தா நெட் ஓடாது, ரோடும் ஊர் பேரும் எங்க இருந்து வரும்?

இங்கதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறாத விஷயம் வருது. பழைய வேலைப் பழக்கத்துல என் போன்ல நெட்வொர்க் பார்க்கிற ஒரு ஆப் கிடந்துச்சு. பேசிக்கிட்டே அதைத் திறந்தேன். எந்த செல், எந்த டவர் ஏரியா, சிக்னல் அளவு, எல்லாம் நம்பர் நம்பரா வந்து நிக்குது. நான் எந்த ஆன்டெனாவோட முகத்துக்கு நேரா நிக்கிறேன்னு அந்த நம்பர் சொல்லுது. பதட்டத்துல அந்த செல் நம்பரை அந்தப் பொண்ணுகிட்ட படிக்கவே ஆரம்பிச்சுட்டேன். "சார், அது என்ன நம்பர் சார்?"னு கேட்டாங்க. அவங்க முன்னாடி இருக்கிற கம்ப்யூட்டர்ல அந்த நம்பரை வச்சு என்ன பண்ண முடியும்? கம்பெனி சர்வருக்கு நான் எங்க இருக்கேன்னு ஒரு மாதிரி தெரியும். என் போன்ல இருக்கிற ஜிபிஎஸ்-க்கு பத்து மீட்டர் சுத்தமா தெரியும், அந்த நீலப்புள்ளி வேற என்ன? தெரியாம நின்னது நாங்க ரெண்டு பேர் மட்டும்தான், கேட்ட பொண்ணும் பதில் சொல்ல வேண்டிய நானும்.

அப்புறம் நாய் குரைச்சுச்சு. கம்பும் டார்ச்சுமா ஒரு கீதாரி வயலுக்குள்ள இருந்து ஏறி வந்தாரு, உள்ளுக்குள்ள ஆட்டுக்கிடை போட்டிருந்தாங்க போல. பெரியவரைப் பார்த்துட்டு தலைத்துண்டை அவிழ்த்து மடிச்சு தலைக்குக் கீழ வச்சாரு. "ஐயா, இது எந்த இடம்?"னேன். "ரெட்டைப்பனை விலக்கு தம்பி, இதுகூடத் தெரியாதா"ன்னாரு. அண்ணாந்து பார்த்தா, ஆமா, பதினஞ்சு நிமிஷமா என் தலைக்கு மேலயே ரெண்டு பனை நிக்குது. அந்தப் பேரை போன்ல சொன்னேன், அந்தப் பொண்ணுக்கு விளங்கல, ஆனா அப்படியே வண்டிக்காரர்கிட்ட சொல்லியிருக்காங்க. ரெண்டு நிமிஷத்துல டிரைவர் கூப்பிட்டாரு: "அண்ணே, ரெட்டைப்பனை விலக்கா? கண்மாய்க்கரைப் பக்கமா எதிர்ப்பக்கமா? சரி அங்கனயே நில்லுங்க, லைட்டைப் போட்டு வைங்க." வண்டி வந்துருச்சு. பெரியவர் பிழைச்சாரு, அதை முதல்லயே சொல்லிடுறேன்.

டவருக்கு என்ன தெரியும்

டவர் வச்சு ஆளைப் பிடிச்சுருவாங்கன்னு ஊர்ல எல்லாரும் நினைக்கிறாங்க. நம்ம கரையில கடல் அட்டை கேஸு, கஞ்சா கேஸுன்னு வந்தா டவர் டம்ப், அதாவது அந்த நேரத்துல அந்த டவர்ல இருந்த போன் நம்பர் மொத்தத்தையும், எடுத்து ஆளைத் தூக்குற கதையெல்லாம் டீக்கடையில பேசிக் கேட்டிருப்பீங்க. அது நிதானமா, நாள்கணக்குல உக்காந்து, பல டவர் கணக்கைச் சேர்த்துப் பார்க்கிற வேலை. ரோட்டுல ரத்தம் போய்க்கிட்டு இருக்கிறப்ப முப்பது செகண்டுல வேணும்ங்கிறது வேற வேலை.

ஒரு டவர்ல பொதுவா மூணு பக்கம் ஆன்டெனா, ஒவ்வொண்ணும் 120 டிகிரி பார்க்கும். பழைய ஜிஎஸ்எம்-ல, அதாவது 2ஜி-ல, போன் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு டவருக்கு ஒரு கணக்கு தெரியும், சிக்னல் போய்த் திரும்புற நேரத்தை வச்சு, ஒரு படி கிட்டத்தட்ட 550 மீட்டர். இப்ப நான் 5 கிலோமீட்டர் தள்ளி நிக்கிறேன்னு வைங்க, டவருக்குத் தெரியிறது என்னன்னா, 550 மீட்டர் அகலத்துல ஒரு வளைவு, அந்த வளைவோட நீளம் பத்து கிலோமீட்டருக்கு மேல. அதுக்குள்ள நம்ம பக்கம் எத்தனை ஊர், எத்தனை கண்மாய் வரும்? அதுலயும் கடற்கரை டவருக்குப் பாதி வளைவு தண்ணிக்குள்ள கிடக்கும். சரி, மூணு டவர் சேர்ந்து பார்த்தா வளைவெல்லாம் வெட்டிக்கிற இடத்துல ஆள் இருப்பான்ல? ஊருக்குள்ள ஆமா. சுத்தி நாலாபக்கமும் டவர் இருக்கணும் அதுக்கு. நம்ம கரையில டவர் எல்லாம் ரோட்டோரமா, மாலை கோத்த மாதிரி ஒரே வரிசையில நிக்கும், கடல்ல யாரு டவர் நடுவா?

இதுல தனுஷ்கோடிப் பக்கம் இன்னும் வேடிக்கை. வடக்க பாக் கடல், தெக்க மன்னார் கடல், அங்க உள்ளவங்க பெண் கடல், ஆண் கடல்னு சொல்றது. நடுவுல நாடா மாதிரி மணல். ஒரே கோட்டுல நிக்கிற ரெண்டு டவர்ல இருந்து தூரம் மட்டும் அளந்தா, வடக்க ஒரு இடமும் தெக்க அதே மாதிரி ஒரு இடமும் வரும், கண்ணாடியில பார்த்த மாதிரி. ஆள் தத்தளிக்கிறது ஆண் கடல்லயா பெண் கடல்லயான்னு கணக்கு சொல்லாது. போதாததுக்கு அங்க போன் திடீர்னு ஸ்ரீலங்கா டவரைப் பிடிச்சுக்கும், வெல்கம் மெசேஜ் வந்து சுற்றுலா வந்தவங்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவாங்க. 112-ங்கிறது போன் எந்த நெட்வொர்க்கைப் பிடிச்சிருக்கோ அந்த நாட்டு அவசர சேவைக்குப் போற மாதிரி அமைஞ்ச நம்பர். தனுஷ்கோடி மணல்ல நின்னுக்கிட்டு அக்கரைக்கு உதவி கேக்குற நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

நூத்துக்கு எத்தனை பேர்

அந்த ராத்திரிக்கு அப்புறம் கடையில ஆள் இல்லாத மத்தியான நேரத்துல இதையே தேடித்தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். எம் பொண்டாட்டி, "வித்தது ரெண்டு டெம்பர் கிளாஸு, படிக்கிறது அமெரிக்கா சட்டம்"னு கிண்டல் பண்ணுவா. ஆனா அங்கதான் இந்தச் சண்டை நீளமா நடந்திருக்கு. செல்போன்ல அவங்க அவசர நம்பர் 911 அடிச்சா ஆள் எங்க இருக்காங்கன்னு கம்பெனிதான் சொல்லணும்னு, அங்க போன் கம்பெனிங்களைக் கட்டுப்படுத்துற அரசு ஆணையம் எஃப்சிசி 1996-லயே விதி போட்டுருச்சு. அப்புறம் கணக்கும் வந்துச்சு: போன் வழியா கண்டுபிடிக்கிற முறைன்னா 67 சதவீத அழைப்புக்கு 50 மீட்டருக்குள்ள, 95 சதவீதத்துக்கு 150 மீட்டருக்குள்ள. டவர் வழியான்னா 100 மீட்டர், 300 மீட்டர்.

படிச்ச உடனே எனக்கு வந்தது சந்தோஷம் இல்ல, சந்தேகம். ஏன்னா நான் டவர் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதுனவன். சதவீதம்னு கேட்டா சதவீதம் குடுப்போம். மாசம் எத்தனை மணி நேரம் டவர் ஓடுச்சுன்னு கேப்பாங்க, மொத்த ஏரியாவுக்கும் சேர்த்து 99-ன்னு எழுதுவோம், அதுக்குள்ள வாலிநோக்கம் பக்கம் ஒரு டவர் நாலு நாள் செத்துக் கிடந்தது தெரியவே தெரியாது. அதே மாதிரிதான இதுவும்? சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் சரியாக் காட்டிட்டா 67 என்ன, 80-ஏ வந்துரும். மிச்சம் 20 யாரு? மோர்ப்பண்ணை, காரங்காடு, முள்ளிமுனை. நம்ம ஊர்க்காரன் எப்பவுமே அந்த மிச்சத்துலதான் இருப்பான்.

இது எனக்கு மட்டும் தோணுன கிறுக்கு இல்லன்னு மேல படிச்சப்ப தெரிஞ்சுச்சு. கம்பெனிங்க நெட்வொர்க் மொத்தத்துக்கும் சராசரி போட்டுக் காட்டிக்கிட்டு இருந்ததை நிறுத்தி, கவுன்டி வாரியா, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, இல்லாட்டி ஒவ்வொரு அவசர மையத்தோட எல்லை வாரியா கணக்குக் காட்டணும்னு 2010-ல மாத்தியிருக்காங்க. படிச்சப்ப கடையிலயே தொடையைத் தட்டுனேன். ஆனா அதே விதிக்குள்ள ஒரு ஓட்டையும் வச்சிருக்காங்க: மூணு டவர் சேர்ந்து தெரியாத இடம், அடர்த்தியான காடு, இதையெல்லாம் கணக்குல இருந்து கழிச்சுக்கலாம், எதைக் கழிச்சோம்னு லிஸ்ட் மட்டும் குடுத்துரணும். மூணு டவர் தெரியாத இடம்னா அது நம்ம கரைதான? லிஸ்ட் குடுக்கணும்ங்கிறதுல எனக்கு ஒரு மரியாதை உண்டு, விட்டுட்டோம்னு எழுத்துல இருக்கும்ல. நம்மளை விட்டாங்களா வச்சிருக்காங்களான்னு நமக்கு ஒரு லிஸ்ட் யாரும் காட்டல.

அதுக்கப்புறம் அவங்க மாடிக்கணக்குக்குப் போயிட்டாங்க, 2019-ல உயரத்தையும் மேல கீழ 3 மீட்டருக்குள்ள சொல்லணும், 80 சதவீத அழைப்புக்குன்னு. எந்த மாடியில ஆள் கிடக்கான்னு தெரியணுமாம். அதுல சொணங்குன மூணு பெரிய கம்பெனியும் 2021-ல ஆளுக்கு 1 லட்சம் டாலர் கட்டி சமாதானம் ஆனாங்க. அந்தக் கம்பெனிங்களுக்கு அது டீச்செலவு. நம்ம பக்கம் மாடின்னா ரெண்டு, மொட்டைமாடியைச் சேர்த்தா மூணு, அது இருக்கட்டும்.

நீலப்புள்ளி யாருக்கு

எனக்குத் தேவைப்பட்டது டவர் கணக்கே இல்ல, என் போன்ல இருந்த அந்த நீலப்புள்ளி. அவசர நம்பர் அடிச்ச உடனே போனே ஜிபிஎஸ்-ஐத் தானா ஆன் பண்ணி, இருக்கிற இடத்தை ஒரு எஸ்எம்எஸ் மாதிரி சத்தமில்லாம அனுப்புற ஏற்பாடு ஒண்ணு இருக்கு. பிரிட்டன்ல 2014-ல ஆரம்பிச்சுது, ஆண்ட்ராய்டு போன்ல 2016-ல வந்துச்சு, ஐபோன்ல 2018-ல. பேசுறவன் ஒண்ணும் பண்ண வேண்டாம், மயங்கிக் கிடந்தாக்கூட புள்ளி போயிரும். 2022 மார்ச்ல இருந்து ஐரோப்பாவுல விக்கிற ஸ்மார்ட்போன்ல இப்படி செயற்கைக்கோள், வைஃபை வச்சு இடம் சொல்ற வசதி இருந்தே ஆகணும்னு சட்டம். என் கையில இருந்ததும் அதே ஆண்ட்ராய்டுதான். போன்ல கதவு இருந்தா மட்டும் பத்தாது, அந்தப் பக்கம் அவசர மையத்துல வாங்கி வைக்க ஆள் வேணும், நடுவுல கம்பெனி வழி விடணும். நம்ம நாட்டுல உத்தரப்பிரதேசம்தான் முதல்ல இதை 112-ஓட இணைச்சிருக்கு.

நம்மகிட்ட விதியே இல்லன்னு சொல்ல மாட்டேன். 2016-ல போட்டாங்க, 2017 ஜனவரி 1-ல இருந்து விக்கிற பட்டன் போன்ல 5 இல்ல 9-ஐ அமுக்கிப் பிடிச்சா அவசர அழைப்பு போகணும், ஸ்மார்ட்போன்ல பவர் பட்டனை மூணு தடவை அமுக்குனா போகணும், 2018-ல இருந்து எல்லா போன்லயும் ஜிபிஎஸ் இருக்கணும்னு. 112-உம் 2019 பிப்ரவரில தமிழ்நாட்டுக்கு வந்துருச்சு. அந்த விதி எல்லாம் போன் செய்றவனுக்கு. போன்ல இருந்து கிளம்புன இடம், எடுத்துப் பேசுற பொண்ணோட ஸ்கிரீனுக்கு எத்தனை செகண்டுல, எத்தனை மீட்டர் துல்லியமா வந்துச்சு, அதை மாவட்டம் மாவட்டமா யாரு அளந்து பார்த்து வெளிய சொல்றது? என் கேள்வி அது ஒண்ணுதான். அளக்குறதும் எழும்பூர்ல நின்னு அளக்கக் கூடாது, ராத்திரி பத்தரை மணிக்கு உப்பூர் தாண்டி வந்து நின்னு அளக்கணும்.

கடல்ல போறவங்க இந்த விஷயத்துல நம்மளைவிட முன்னாடி இருக்காங்கங்கிறது எனக்கே லேட்டாத்தான் உறைச்சுது. விசைப்படகு அண்ணன் ஒருத்தர் கடைக்கு சார்ஜர் வாங்க வருவாரு, அவருகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். "புள்ளியைப் படிச்சுச் சொல்ல வேண்டியதானடா"ன்னாரு சர்வசாதாரணமா. அவங்க வலை போட்ட இடம், கடலுக்கடியில பாறைப் பார் இருக்கிற இடம் எல்லாத்தையும் டிகிரி கணக்குல வாயிலயே வச்சிருக்காங்க, ஒன்பது டிகிரி இத்தனைன்னு சினிமாப் பாட்டு மாதிரி சொல்றாரு. கடலோரக் காவல்படைக்கு 1554, கரையோரப் போலீசுக்கு 1093, அதுவும் மனப்பாடம். இஸ்ரோ செஞ்ச ஆபத்துக் கருவி ஒண்ணு, டாட்னு சொல்வாங்க, பட்டனை அமுக்குனா செயற்கைக்கோள் வழியா இடத்தோட செய்தி போயிரும். 2024-ல வந்த புது மாடல்ல செய்தி கிடைச்சுதுன்னு படகுக்குத் திருப்பிப் பதிலும் வரும். அந்த ராத்திரி எனக்கு வேணும்னு இருந்தது அந்தத் திரும்பி வர்ற பதில்தான். எந்த டவரும் தெரியாத நடுக்கடலுக்கு ஒரு ஏற்பாடு யோசிச்சவங்களுக்கு, டவர் லைட்டு கண்ணுக்குத் தெரியிற ரோட்டுக்கு யோசிக்கிறதா கஷ்டம்? ஆனா அண்ணன் சொன்னதும் சரிதான். அந்த நீலப்புள்ளியைத் தொட்டுப் பிடிச்சிருந்தா டிகிரி நம்பர் வந்திருக்கும், படிச்சிருக்கலாம். எனக்குத் தோணல. அஞ்சு வருஷம் டவர்ல ஏறுனவனுக்கு செல் நம்பரைப் படிக்கத்தான் தோணுச்சு.

ஆறு மாசம் கழிச்சு அந்தப் பெரியவர் கடைக்கு வந்தாரு, ஊன்றுகோல் வச்சுக்கிட்டு, பேத்தியோட. ஓலைக்கொட்டான் நிறைய கருப்பட்டி. எப்படியோ விசாரிச்சு வந்திருக்காரு. ஒரு பட்டன் போன் வேணும்னாரு, நானும் காசு வேணாம்னு சொல்லிப் பார்த்தேன், கேக்கல. "இதுல எதை அமுக்குனா வண்டி வரும்?"னு கேட்டாரு. அஞ்சை அமுக்கிப் பிடிக்கச் சொல்லிக் காட்டிக்கிட்டே, அவரு போன் உறைக்குள்ள வைக்க ஒரு சீட்டுல ஊர், தாலுகா, மாவட்டம் எழுதுனேன்.

"எங்க ஊரு எனக்குத் தெரியாதா, எதுக்கு எழுதுற?"

"நீங்க மயங்கிக் கிடந்தா, எடுக்குறவன் படிச்சுச் சொல்லணும்ல தாத்தா."

கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்தாரு. படிக்கத் தெரியாதுன்னு பேத்தி சொல்லுச்சு.

"அப்ப அதுல ரெட்டைப்பனைன்னும் போட்டுரு"ன்னாரு.